ஒன்பதாம் நாள் படுத்துவிட்ட அக்காவுக்கு

புகை வந்து சூரியனை மறைத்த வருடம் அது, அக்கா. காலை பத்து மணிக்கும் தாமான் குடியிருப்பில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ரிங்கிட் விழுந்துவிட்டது என்று கோப்பிக் கடையில் ஆளாளுக்குப் பேசினார்கள். எங்கே விழுந்தது, யார் தள்ளியது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் மாவுப்பால் டின் விலை ஏறியது மட்டும் புரிந்தது. நாம் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கடைசிப் பால்மரத்தையும் சாய்த்துச் செம்மண் கொட்டி மட்டம் பண்ணியதும் அந்த வருடம்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். வருடத்துக்கு நம்பர் சொன்னால் மண்டையில் நிற்காது. நடந்ததை வைத்துத்தான் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த வருடத் தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது நீ போனாய்.

இதை நான் சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, அழகுபடுத்தாதே, நடுவில் கேள்வி கேட்காதே என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். தலையை ஆட்டினாள். சும்மா தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்வேன். ஒரு சொல் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன்.

போன வாரம் இவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இவளுடைய நாலு மாதப் பிள்ளைக்கு மூக்கடைப்பு. கொர் கொர் என்று இழுத்துக்கொண்டு, பால் குடிக்கவும் முடியாமல் அழுதது. இவள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு ரப்பர் உருண்டையை எடுத்தாள். முனையில் சின்னக் குழாய். அமுக்கி, பிள்ளை மூக்கில் வைத்து, விட்டாள். சளி குழாய்க்குள் ஏறிவிட்டது.

“என்னம்மா இது?”

“மூக்குச் சளி எடுக்கிறது தாத்தா. பார்மசியில வாங்கினேன்.”

அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எடையே இல்லை. எனக்கு உன் வாய் ஞாபகம் வந்துவிட்டது, அக்கா.

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் நீ ஆயா. பால்வெட்டுக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளைத் துணியோடு உன் கையில் போட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒன்றை ஆட்டிவிட்டு, அது நிற்பதற்குள் அடுத்ததை ஆட்டி, கடைசிக்குப் போய்த் திரும்பும்போது முதல் தொட்டில் அழும். எந்தப் பிள்ளைக்காவது மூக்கு அடைத்தால் மடியில் கிடத்திக்கொண்டு குனிவாய். அதன் மூக்கை உன் வாயால் மூடி ஒரே உறிஞ்சு. திரும்பி வாசலோரத்துச் சாம்பலில் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போவாய். “மூச்சுக்கு வழி விட்டுட்டா பிள்ளை தானாத் தூங்கும்” என்பாய். ஒரு நாள் வேலை மேய்க்கிற மண்டோரின் சம்சாரம் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது, “ஏன்டி, நீ பெத்தப்ப இதைவிடச் சுத்தமாவா வெளிய வந்துச்சு?” என்று கேட்டாய். சாப்பாட்டு வாளியோடு நின்ற பெண்களெல்லாம் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தோட்டத்தில் வேலை போனபின் குருபோங்கில் வரிசை வீட்டுக்கு வந்தோம். நீ ஆயா வேலையை விடவில்லை. புக்கிட் ரம்பாய் பேக்டரிகளில் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண்கள் பிள்ளைகளை உன்னிடம் விட்டார்கள். நானும் அங்கேதான் ஒரு பேக்டரி கேட்டில் ஜாகா. உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் பையையும் திறந்து பார்க்க வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் குணம் கேட்டோடு நிற்கவில்லை.

நாலு வீடு தள்ளி பாக்கியம் இருந்தாள். புருஷன் இல்லாதவள், உனக்கு இளையவள், எனக்கு ரெண்டு வயது மூத்தவள். அவளும் பிள்ளை பார்த்தாள். முன்னே ஒரு பிரசவ கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை செய்தவள் என்பதால் அவளுக்கு ஆயிரம் சட்டம். துணியை வெந்நீரில் போட வேண்டும். ஒரு பிள்ளை பாட்டிலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. சளிப் பிடித்த பிள்ளையை வாங்கவே மாட்டாள். “ரெண்டு நாளு வீட்டுல வச்சிருந்துட்டுக் கொண்டு வாம்மா” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். லீவு கிடைக்காத தாய் என்ன செய்வாள்? நாலு வீடு நடந்து உன்னிடம் வருவாள். நீ எந்தப் பிள்ளையையும் வேண்டாம் என்றதில்லை. அப்படித்தான் அந்த வரிசையில் எந்தப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் கடைசியில் அது உன் மடியில் வந்து விழுந்தது. இது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

புகை மாதங்களில் எல்லாப் பிள்ளைகளும் இருமின. ஒரு மத்தியானம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் உன் முன்வாசலில் உட்கார்ந்து பாலில்லாத் தே ஓ குடித்துக்கொண்டிருந்தேன். பேக்டரிப் பெண் சரோஜாவின் ஆறு மாதக் கைக்குழந்தை உன் மடியில் கிடந்தது. காலையில் பாக்கியம் திருப்பி அனுப்பிய பிள்ளை. மூக்கு அடைத்து, அழக்கூட மூச்சில்லாமல் உதடு நீலம் பாரித்திருந்தது. நீ குனிந்து உறிஞ்சினாய். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூன்றாவது தடவை பிள்ளை வீல் என்று கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நீ சிரித்தாய்.

அப்போதுதான் பாக்கியம் வந்தாள். அவள் வாசலில் சரோஜா மறந்து வைத்துவிட்டுப் போன பால் பாட்டிலைக் கொடுக்க வந்தவள்.

“ஐயோ அக்கா, வாயால எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!”

“பின்ன எதால எடுக்கிறது? உன் வாயாலயா?”

“விளையாடாதீங்க லா. பிள்ளைங்களுக்கு அது வெறும் சளி. நம்ம உள்ள போனா வேற மாதிரி. நீங்க என்ன சின்னப் பொண்ணா? இப்படியே செஞ்சிட்டிருந்தா ஒரு நாளு படுத்துடுவீங்க, பாத்துக்குங்க. எந்திரிக்கவே மாட்டீங்க.”

“நான் படுத்தா பிள்ளைங்கல்லாம் உன் வீட்டுக்கு வந்துடும். அதுக்குத்தானே கண்ணு வைக்கிற?”

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். பாக்கியம் முகம் சுருங்கிவிட்டது. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதையும் நீ சொன்னதையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் நீ படுத்தாய்.

குளிர் குளிர் என்றாய். சேலை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் என் ஜாகா கோட்டு. அப்படியும் பல் கிடுகிடுத்தது. மூச்சு இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்றாய். துப்பியது துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. கிளினிக்கில் மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்தார்கள். அந்த மாதம் அங்கே வந்த எல்லாரும் இருமிக்கொண்டுதான் வந்தார்கள். உன் இருமலும் புகை இருமல் என்றே நானும் நினைத்தேன். ரெண்டு நாள் கழித்து நீ என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். கழுத்தை மடக்க முடியவில்லை. ஜன்னலை மூடு, வெளிச்சம் கொத்துகிறது என்றாய். வெளியே வெளிச்சமே இல்லை, அக்கா, புகைதான் இருந்தது. அப்போதுதான் பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இளவயது மலாய் டாக்டர் ஒருவர். கிருமி ரத்தத்தில் கலந்து மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரைக்கும் போய்விட்டது என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாக்சிக், டி ரூமா அடா புடாக் கெச்சில்?” என்று கேட்டார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. “அடா, பாஞாக்” என்றேன். இருக்கிறார்கள், நிறைய. அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எதற்குப் பிள்ளைகளைக் கேட்கிறான் இந்த ஆள், நம் மேல் எதையோ போடப் பார்க்கிறானா என்று அப்போதே சந்தேகப்பட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை இத்தனை வருடம் பதில் இல்லாமல் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அதன்பின் நான் கேட்டில் நிற்கிற மாதிரி நின்றேன். ஒவ்வொரு பையாகத் திறந்தேன். புகையா? அதை எல்லாரும்தானே சுவாசித்தோம். மருந்தா? அதே மருந்தை நானும் குடித்திருக்கிறேன். சாப்பாடா? நீ சமைத்ததைத்தான் நானும் தின்றேன். கோயிலில் அருள் வந்து ஆடியவரிடம் போய் நின்றேன். “பொம்பளை வாக்கு” என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். படுத்துடுவீங்க, எந்திரிக்கவே மாட்டீங்க. ஒன்பது நாள். பிள்ளைகளெல்லாம் அவள் வீட்டுக்கு. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. இவ்வளவு சரியாகப் பொருந்துகிறதே என்று அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரிசை வீட்டுச் சனம் முழுக்க வந்திருந்தது. பாக்கியமும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள்.

“யாரைக் கேட்டு உள்ள வந்தே?” என்றேன்.

“தம்பி, அக்காவுக்கு…”

“நீ சொல்லித்தானே படுத்தா? ஒன்பது நாளு கெடு வச்சியா? கருநாக்கு!”

“நான் சொன்னது பிள்ளை மூக்கைப் பத்தி, தம்பி. அவங்க வாய் வைக்கிறதைப் பத்தித்தான் சொன்னேன். சத்தியமா வேற ஒண்ணும் நினைக்கல.”

“நடிக்காதே. இப்ப பிள்ளைங்க எல்லாம் உனக்குத்தானே?”

சரோஜா தன் கைக்குழந்தையின் முகத்தைத் தோளில் மறைத்துக்கொண்டாள், பாக்கியத்தின் கண் பட்டுவிடும் என்பதுபோல. பாக்கியம் அதைப் பார்த்தாள். நான் சொன்னதைவிட அதுதான் அவளை அடித்தது என்று நினைக்கிறேன். பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து ஒரு தாயும் அவளிடம் பிள்ளையை விடவில்லை. பொங்கலுக்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு பெம்பானில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். உன் பிள்ளைகள் யாரிடம் வந்தன தெரியுமா? என் வீட்டுக்கு. என் சம்சாரம்தான் பார்த்துக்கொண்டாள். எந்த ஆசையை அவள் மேல் சுமத்தினேனோ அது என் வீட்டுக்குள்தான் வந்து உட்கார்ந்தது. அதை அன்றைக்கு ஒருவனாவது என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜாகாவின் பையை யார் திறந்து பார்ப்பது?

இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் அவள் மகன் கார் எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றான். “அம்மா தவறிட்டாங்க மாமா. உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்தாங்க” என்றான். எதற்கு எனக்குச் சொல்லச் சொன்னாள், இதில் என்ன உள்குத்து என்று யோசித்தேனே தவிர, போகவில்லை.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். அந்த ரப்பர் உருண்டையைப் பார்த்து நாலு நாள் கழித்து, பிள்ளைக்குச் சளி விட்டபின், ஊசி போட அரசாங்கக் கிளினிக்குக்கு இவள் என்னைக் கூப்பிட்டாள். புருஷனுக்கு வேலை, துணைக்கு நான். அங்கே தமிழ் மிஸி. ஊசி போடுகிறவர்கள் நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசினால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடும். இந்த மிஸி பார்த்துப் பேசினாள்.

“இது என்னா ஊசிம்மா?”

“நிமோனியாவுக்கு தாத்தா. நெஞ்சுல சளி கட்டுறது, ரத்தத்துல பரவுறது, மூளைக்குப் போற காய்ச்சல், அதுக்கெல்லாம்.”

“எங்க காலத்துல இதெல்லாம் ஏது?”

“நோவு இருந்துச்சு தாத்தா. பிள்ளைங்களுக்கு ஊசிதான் இல்ல.”

“இவனுக்கு வெறும் மூக்கடைப்பு. அதுவும் போயிடுச்சு.”

“அங்கதான் விஷயம். இந்தக் கிருமி நெறையப் பிள்ளைங்க மூக்குல சும்மா குடியிருக்கும். அதுங்களை ஒண்ணும் செய்யாது. சளியில, எச்சில்ல பெரியவங்களுக்குப் போவும். வயசானவங்களைப் பிடிச்சா பலமா அடிச்சிரும். பிள்ளைக்கு ஊசி போட்டா அதோட மூக்குல அது தங்குறது குறையும். பிள்ளைங்களுக்குப் போட ஆரம்பிச்ச ஊருங்கள்ல ஊசி போடாத பெரியவங்களுக்குக்கூட அந்த நோவு குறைஞ்சிருக்கு.”

“ஊசி இவன் தொடையில. காவல் என் நெஞ்சுக்கா? யாருகிட்டம்மா கதை விடுற?”

சிரித்துவிட்டாள். “உங்களுக்குன்னு தனியா ஒரு ஊசி இருக்கு தாத்தா. போட்டுக்கிறீங்களா?”

“பாத்தியா, கடைசியில என் தலையிலயே கட்டப் பாக்குறா” என்றேன் இவளிடம். பிறகு மிஸியைப் பார்த்து, “அப்ப இவனுக்குப் போட்டுட்டா முழுக்கக் காவல், அப்படித்தானே?” என்று பிடி வைத்தேன்.

“முழுக்கன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கிருமியில வகை ரொம்ப இருக்கு. ஊசி சிலதைத்தான் பிடிக்கும். அது குறைஞ்ச எடத்துக்கு வேற வகை வந்து உக்காரவும் செய்யும்.”

முழுக்க என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், அக்கா. ஒரு திருடனைக் கேட்டில் பிடித்துவிட்டால் இன்னொருவன் வேலியில் வருவான் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். மிஸி பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

“வாயை வச்சுப் பிள்ளை மூக்கை உறிஞ்சினா?” என்று கேட்டேன்.

“யாரு தாத்தா அப்படிச் செஞ்சா?”

“ஒரு ஆயா. ரொம்ப வருஷத்துக்கு முந்தி.”

“அப்படி வரலாம். ஆனா அதாலதான் வந்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பக்கத்துல யாரு இருமினாங்களோ, என்னமோ.”

அந்த மலாய் டாக்டரின் கேள்வி அப்போது எழுந்து வந்து எனக்கு எதிரே நின்றது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? அவர் நம் மேல் எதையும் போடவில்லை. பாக்கியம் சொன்னதைத்தான் அவரும் கேட்டிருக்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளே, ஊசி போட்ட பிள்ளையின் தாய், அவள் யார் என்று உனக்குச் சொல்லவில்லை. சரோஜாவின் கைக்குழந்தைதான். நீ மூன்று தடவை உறிஞ்சி மூச்சுக்கு வழி விட்ட பிள்ளை. உனக்குப்பின் என் வீட்டில் வளர்ந்தவள். ஆயா வாய் வைத்துத்தான் நீ பிழைத்தாய் என்று சரோஜா இவளிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள்.

திரும்பும்போது இவள்தான் கார் ஓட்டினாள். சமிக்ஞை விளக்கில் நின்றபோது முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“தாத்தா, ஆயா படுக்கிறதுக்கு முன்ன கடைசியா எந்தப் பிள்ளைக்கு மூக்கு எடுத்தாங்க?”

“அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு?”

“உங்களுக்கா ஞாபகம் இல்ல?”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தான். காரில் கொடுக்காத அந்தப் பதிலைத்தான் இப்போது இவள் கையாலேயே எழுத வைக்கிறேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கடைசியாக எடுத்ததும் எனக்குத் தெரியும், அதற்கு முந்தியதும் தெரியும். அந்த ஒன்பது நாளில் ஏழு பிள்ளைகளுக்கு எடுத்தாய். எல்லாருக்கும் ஒழுகியது. பேக்டரியிலிருந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து இருமிய ஆள் நானும்தான். எந்த மூக்கு, யார் இருமல் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அக்கா. பாக்கியத்தை விடுவித்ததும் அந்த இடம் காலியாகிவிட்டதே, யாரையாவது நிறுத்து என்கிறது. கிளினிக்கிலிருந்து வீடு வரும் வரைக்கும் பக்கவாட்டில் இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறு மாதப் பிள்ளையின் முகத்தை அதில் தேடினேன். என்னை நானே பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். மூச்சு கேட்ட பிள்ளைக்கு நீ மூச்சு கொடுத்தாய். இதில் திறந்து பார்க்கப் பை எதுவும் இல்லை.

நீ தெரிந்திருந்தாலும் செய்திருப்பாய் என்று எனக்கொரு எண்ணம். பாக்கியம் சொன்ன பிறகும் மறுநாள் செய்தாயே. அவள் உன்மேல் வைத்த அக்கறையைத்தான் நான் கருநாக்கு என்றேன். அவள் சொல் ஒவ்வொன்றும் மாறாமல் என்னிடம் இருக்கிறது. படுத்துடுவீங்க, பாத்துக்குங்க. இத்தனை வருடம் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பாத்துக்குங்க என்பதும் கேட்கிறது.

ஊர் கூடிய இடத்தில் ஒருத்தியைச் சொன்னேன். அதை என் மனதுக்குள் மட்டும் திரும்ப வாங்கினால் போதாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெம்பானுக்குப் போகிறேன். பாக்கியத்தின் மகன் வீட்டில், அவன் பெண்டு பிள்ளைகள் முன்னால், இந்தத் தாளை வாசிக்க வேண்டும். அவன் என்ன சொல்வானோ தெரியாது. வெளியே போ என்றாலும் சரிதான், அவன் அம்மாவை நானும் அப்படிச் சொன்னவன்தானே. எனக்கு வாசிக்கத் தெரியாது. இவள்தான் வாசிப்பாள்.

அன்று மத்தியானம் உன் முன்வாசலில் இருந்தது நாலே பேர். நீ போனாய். பாக்கியம் போனாள். அந்த நாலில் சேராத, பாட்டிலை மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போன சரோஜாவும் சர்க்கரை வியாதியில் போய்விட்டாள். நானும் பாதி போனவன்தான், என்னைச் சேர்க்காதே. இன்னும் ஒரே ஒருத்திதான் நல்ல மூச்சோடு இருக்கிறாள். பேனா நின்றுவிட்டது, ஏன் நிறுத்தினாய் என்று அதட்டிவிட்டேன். அழுகிறவள் பேரை அழுகிறவளே எழுதட்டும், அக்கா. உன் வாயிலிருந்து மூச்சு வாங்கிய அந்தப் பிள்ளையின் பேர் யோகேஸ்வரி.